ஊசிக்காது

புதன்கிழமை மதியத்துக்குள் ஊசிக்காது அந்தக் காரின் பானெட்டை ஆறு தடவை திறந்து ஆறு தடவை மூடியிருந்தார். ஏழாவது தடவை திறந்தபோது பக்கத்து ஷெட் வெல்டிங்காரர் முகமூடியைத் தூக்கிவிட்டு, “என்ன, உள்ள ஏதாவது குஞ்சு பொரிக்குதா?” என்று கேட்டார்.

ஊசிக்காது முழ நீள ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு மறுபடியும் இன்ஜின்மேல் குனிந்தார்.

அவருக்கு அந்தப் பெயர் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, பட்டறைக்குள் உட்கார்ந்தபடி, “மூணாவது வால்வு லூசு” என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது வால்வுதான் லூசாக இருக்கும். நூல் மட்டும் நுழைகிற ஊசியின் காது மாதிரி, வேண்டிய சத்தத்தை மட்டும் உள்ளே விடுகிற காது என்று யாரோ சொல்லப்போக, அதுவே நிலைத்துவிட்டது. அவர் ஒருநாளும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை. வெளியில் காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவருக்கு அது பிடித்திருந்தது.

கார் பல் டாக்டருடையது. சரியாகச் சொன்னால், பல் டாக்டரின் அண்ணனுடையது. கரும்பச்சை நிறம், முப்பத்தைந்து வயது, இரட்டைக் கார்புரேட்டர். அண்ணன்காரர் ஏழு மாதத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறி, ஏணியிலிருந்து விழுந்து இடுப்பையும் வலது காலையும் முறித்துக்கொண்டார். மலைக்கு அந்தப் பக்கம் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த ஆஸ்பத்திரியில் கிடந்தார். வருகிற சனிக்கிழமை பதினோரு மணிக்கு அனுப்புகிறார்கள். அவர் தங்கையிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஆம்புலன்ஸ்ல போட்டுக் கொண்டுவந்தாங்க. திரும்பிப் போறது என் கார்லதான்.”

ஏழு மாதம் நின்ற கார். டாங்கில் பெட்ரோல் கெட்டுப்போய், கார்புரேட்டர் இரண்டிலும் பிசின் மாதிரி படிந்திருந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஊசிக்காதும் அவருடைய மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து கழற்றி, ஊறப்போட்டு, ஊதி, துடைத்து, திரும்ப மாட்டினார்கள். மாப்பிள்ளை என்றால் ஊசிக்காதின் தங்கை புருஷன். பதினோரு வருடமாக அதே பட்டறையில் தோளோடு தோள் நின்று வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். செய்த வேலையை மறுபடி ஒருதரம் பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டார்.

எல்லாம் மாட்டியாயிற்று, இன்ஜினும் ஓடுகிறது. மிச்சம் இருந்தது செட்டிங் மட்டும்தான். அரைமணி நேர வேலை என்று ஊசிக்காது சொல்லியிருந்தார்.

ஒரு கட்டிலை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதைப் பார்த்திருப்போம். ஒருவர் வேகமாகவும் ஒருவர் மெதுவாகவும் ஏறினால் கட்டில் சுவரில் இடிக்கும். இரட்டைக் கார்புரேட்டர் அப்படித்தான். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூட இழுத்தால் இன்ஜின் நின்ற இடத்தில் நடுங்கும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இருமும். இழுக்கிற அளவைச் சத்தத்தில் கண்டுபிடிக்கலாம். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயருகே வைத்து, மறுமுனையைக் காதில் வைத்தால் ‘உஸ்’ஸென்று கேட்கும். இரண்டிலும் ஒரே ‘உஸ்’ வரும்வரை ஸ்க்ரூவைத் திருக வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

ஊசிக்காது இன்ஜினுக்கு இடப்பக்கம் நின்றார். முன் கார்புரேட்டர் அவருக்கு இடது கைப் பக்கம், பின் கார்புரேட்டர் வலது கைப் பக்கம். முன்னதை இடது காதில் கேட்டார், பின்னதை வலது காதில் கேட்டார். அவர் எப்போதும் அப்படித்தான் குனிவார். பின் கார்புரேட்டர் குறைவாக இழுப்பதாகப் பட்டது. ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகினார். இன்னும் கொஞ்சம் திருகினார். இரண்டும் ஒன்றானது. நிமிர்ந்தார். இன்ஜின் கிழவன் குளிரில் நடுங்குவதுபோல நடுங்கியது.

“மீட்டரை வச்சு ஒரு தடவ பாத்துரலாமா மச்சான்?” என்றார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளையிடம் ஒரு காற்று மீட்டர் இருந்தது. கார்புரேட்டரின் வாயில் பொருத்தினால் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னக் குண்டு எழும்பி நின்று அளவைக் காட்டும். ஊசிக்காது அதைப் பொம்மை என்பார்.

“குழந்தைங்க வெளையாடறதுக்கு வச்சுக்க மாப்ள. இது காதுக்கு உண்டான வேலை.”

மதியம் சாப்பாட்டு நேரத்தில் பல் டாக்டர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்துவிட்டார். நாற்பதைத் தாண்டியவர். நின்ற இடத்தில் நிற்கமாட்டார், பேசிக்கொண்டே காரைச் சுற்றிச்சுற்றி வருவார். “ஆச்சா? ஆகிடுச்சா? அண்ணன் ஒரு மணிக்கு ஒருதரம் ஃபோன் பண்ணிக் கொல்றாரு.” சொல்லி வாய் மூடவில்லை, ஃபோன் அடித்தது. “ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களே பேசிக்கங்க,” என்று இன்ஜினுக்கு மேலே ஃபோனை நீட்டினார்.

அரை நிமிடம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு தெளிவாக ஒரு குரல் வந்தது. “பின்னாடி கார்புரேட்டர் ரொம்ப இழுக்குது. யாரு பாக்கறாங்க வண்டிய?”

ஊசிக்காதுக்குக் கழுத்துவரை சூடேறியது. “நான்தான் பாக்கறேன். இருபத்தெட்டு வருஷமா பாக்கறேன். அங்க கட்டில்ல படுத்திருக்கறவருக்கு ஃபோன்ல கேக்குது, இங்க பக்கத்துல நிக்கற எனக்குக் கேக்கலையா?” என்று ஃபோனைப் பார்த்துக் கத்தினார்.

“கோவிச்சுக்காதீங்க. எனக்குக் கேட்டதச் சொன்னேன்,” என்றது ஃபோன்.

வெல்டிங்காரர் சிரிப்பை அடக்க முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஊசிக்காதுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று மாலைக்குள் டாங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றினார். எங்காவது காற்று கசிகிறதா என்று இணைப்புகளில் எல்லாம் எண்ணெய் விட்டுப் பார்த்தார். கேஸ்கட்டை மாற்றினார். எல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் குழாயைக் காதில் வைத்து, இரண்டையும் ஒன்றாக்குவார். ஒன்றாக்கியதும் இன்ஜின் நடுங்கும். கொதிக்கக் கொதிக்க வாங்கி வைத்த டீ ஏடு கட்டிக்கொண்டு கிடந்தது.

வியாழக்கிழமை காலையில் வீட்டில் மனைவி எதையோ சொன்னாள். அவர் சட்டைப் பித்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மறுபடி சொன்னாள்.

“வாய்க்குள்ளயே பேசாத. பேசறத மனுஷனாப் பொறந்தவனுக்குக் கேக்கற மாதிரி பேசு.”

அவள் நூலகத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மெல்லப் பேசிப் பேசி அவள் குரலே அப்படி ஆகிவிட்டது என்பது அவருடைய முடிவு. அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எதிரே வந்து நின்று, “பித்தான் மாறிப் போட்டிருக்கீங்கன்னேன்,” என்றாள்.

அன்று முழுவதும் கார் ஜெயித்தது. மதியம் இரண்டு கார்புரேட்டருக்குள்ளும் காற்றுக்கேற்ப ஏறியிறங்குகிற பிஸ்டன்களை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிஸ்டன்மேல் கோளாறு இருந்தால் அதுவும் இடம் மாற வேண்டும். மாறவில்லை. அப்போதும் பின்னதுதான் குறைவாக இழுப்பதாகக் கேட்டது. ஸ்பானரைத் தூக்கி மேஜைமேல் எறிந்தார். அது துள்ளிக் கீழே விழுந்து உருண்டது. அதை யாரும் எடுக்கவில்லை.

அன்று மாலைதான் அது நடந்தது.

அவர் முகம் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மாப்பிள்ளை மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பல் டாக்டரும் வந்திருந்தார். வெல்டிங்காரர் கடையைக் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்து கதவில் சாய்ந்திருந்தார்.

“மச்சான், நான் சும்மா வச்சுப் பாத்தேன்,” என்றார் மாப்பிள்ளை, தயங்கித் தயங்கி. “முன்னால நாலு காட்டுது. பின்னால ஏழு. நல்லா வித்தியாசம் இருக்கு. அவங்க அண்ணன் சொன்னது...”

“நான் மொகம் கழுவப் போறப்ப ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு,” என்றார் ஊசிக்காது.

“நான் அளந்துதான் பாத்தேன். எதையும் தொடல.”

“தொடாம எப்படி நாலும் ஏழும் ஆகும்? ரெண்டு நாளா நான் செட் பண்றதும் அது கலையறதுமா இருக்கு. இப்பத்தான புரியுது.” அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. “நான் அந்தப் பக்கம் போனதும் ஸ்க்ரூவத் திருகிட்டு, இந்தப் பக்கம் பொம்மையக் காட்டறியா? மச்சானுக்கு வயசாயிடுச்சு, இனி எல்லாம் நான்தான்னு ஊர்க்காரங்களுக்குக் காட்டணுமா? பதினோரு வருஷம் கூடவே இருந்துகிட்டு இப்படிக் குழி பறிக்கறியே!”

பல் டாக்டர்கூட நடையை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. பழைய துணியை எடுத்துக் கைவிரல் ஒவ்வொன்றாகத் துடைத்தார். மீட்டரை அதன் டப்பாவில் வைத்து மூடினார். சட்டைப் பையிலிருந்து பட்டறைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். தெருவில் இறங்கி நடந்தார்.

“கொஞ்சம் ஓவராப் போயிட்டீங்க,” என்றார் வெல்டிங்காரர்.

“ஒங்க வேலையப் பாருங்க,” என்றார் ஊசிக்காது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே பட்டறையைத் திறந்துவிட்டார். தங்கைக்கு மூன்று தடவை ஃபோன் போட்டார். எடுக்கவில்லை. எட்டு மணிக்குப் பல் டாக்டர் தயங்கி எட்டிப் பார்த்துவிட்டு, “நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு நான் கெளம்பியாகணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்,” என்றார். முடியும் என்று ஊசிக்காது சொன்னார். எப்படி என்று அவருக்கே தெரியவில்லை.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து சூடாக விட்டார். குழாயை எடுத்துப் பின் கார்புரேட்டர்மேல் குனிந்தார். அவசரம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்துவிட்டார். இன்ஜின் அறையின் பின்சுவரை ஒட்டிப் போன வெந்நீர்க் குழாய் வலது காதுமடலில் பட்டது.

“ஐயோ!” என்று துள்ளி நிமிர்ந்தார். காது பொசுங்கிவிட்டது. குழாயடிக்கு ஓடி, துண்டை நனைத்துக் காதில் அழுத்திக்கொண்டு, தன்னையும் காரையும் அண்ணன்காரர் விழுந்த ஏணியையும் சேர்த்துத் திட்டினார். எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் ஈரத் துண்டை வலது காதில் ஒரு கையால் பிடித்தபடியே திரும்பி வந்தார். குழாயை அந்தக் காதில் வைக்க முடியாது. அதனால் உடம்பை வளைத்து, கழுத்தைத் திருப்பி, பின் கார்புரேட்டரை இடது காதில் கேட்டார்.

‘உஸ்’ அல்ல, ‘உர்ர்’ரென்று காதுக்குள் புயல் அடித்தது.

வெடுக்கென்று குழாயை எடுத்தார். முன் கார்புரேட்டரில் வைத்து அதே இடது காதில் கேட்டார். மெல்லிய சீறல், அவ்வளவுதான். மறுபடி பின்னது. புயல்.

முதலில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ‘அப்படியென்றால் இப்போதுதான் எதுவோ கலைந்திருக்கிறது’ என்று நினைத்தார். கலைத்தது யார்? ஷெட்டில் அவரைத் தவிர ஆள் இல்லை. துண்டை எடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எரிகிற காதில் குழாயை வைத்தார். பின் கார்புரேட்டர் மெல்லச் சீறியது. காது மாற்றினார். புயல். காது மாற்றினார். சீறல்.

இன்ஜினை நிறுத்தினார். ஷெட் திடீரென்று அமைதியானது. கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது காதில் வைத்தார். டிக், டிக். வலது காதில் வைத்தார். அழுத்தி வைத்தார். குலுக்கிவிட்டு வைத்தார். கடிகாரம் நின்றுவிட்டதோ என்று முள்ளைப் பார்த்தார். அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அங்கேயே டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

எத்தனை நாளாக என்று யோசித்தார். இந்த வருடம் வந்ததெல்லாம் ஒற்றைக் கார்புரேட்டர் வண்டிகள். ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்கவில்லை. ஃபோனை எப்போதும் இடது கையில்தான் பிடிப்பார், வலது கை ஸ்பானருக்கு வேண்டும் என்பதால். போன மாதம் ஒரு சைக்கிள் வலப்பக்கமாக வந்து முட்டப் பார்த்தது. பெல் அடிக்கத் தெரியாத மடையன் என்று திட்டி அனுப்பினார். அவன் அடித்திருப்பான். இன்று காதுமடல் சுடாமல் இருந்திருந்தால் இப்போதும் யார்மேலாவது பழி போட்டுக்கொண்டு இருந்திருப்பார்.

யார்மேலாவது. நினைப்பு அங்கே வந்து நின்றதும் மேஜைமேல் கிடந்த சாவியைப் பார்த்தார். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஷெட்டின் கதவைப் பாதி இழுத்து விட்டுவிட்டு, வெல்டிங்காரரிடம், “கொஞ்சம் பாத்துக்கங்க,” என்று சொல்லி நடந்தார்.

தங்கை வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தும் படியேறினார். போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமானால் தேவலை என்று இருந்தது. கதவைத் திறந்த தங்கை, வா என்று சொல்லவில்லை. கதவை விட்டும் விலகவில்லை.

“என்ன, மிச்சம் ஏதாவது திட்டறதுக்கு இருக்கா?”

“மாப்ள இருக்காரா?”

“இருக்காரு. தூங்கல, சாப்பிடல, வீட்ல இருக்கற துணி பூரா இஸ்திரி போட்டுட்டு இருக்காரு. இனி திரைச்சீலை ஒண்ணுதான் பாக்கி.”

மாப்பிள்ளை கூடத்தில் நின்று போர்வையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். “வாங்க மச்சான்,” என்றார். மரியாதை குறையவில்லை. அதுதான் ஊசிக்காதைக் குத்தியது.

அவர் ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. “எனக்கு இந்தப் பக்கம் கேக்கல மாப்ள,” என்றார், வலது காதைத் தொட்டு. காதுமடல் கொப்புளித்துச் சிவந்திருந்தது.

மாப்பிள்ளை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அருகில் வந்து, வலது காதின் பின்னால் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தேய்த்தார். “கேக்குதா?”

“நீ ஆரம்பி, சொல்றேன்.”

மாப்பிள்ளை கையை இறக்கினார். தங்கையைப் பார்த்தார். தங்கை மெல்லக் கதவைச் சாத்திவிட்டு வந்து, “அண்ணி போன வருஷமே சொன்னாங்க,” என்றாள்.

“போன வருஷமேவா? அப்ப என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?”

“சொன்னோம். உனக்குக் கேக்கல.”

சிரிக்கலாமா என்று மூவருக்கும் தெரியவில்லை. ஊசிக்காது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். “அதான் மாப்ள விஷயம். காது சதி பண்ணிடுச்சு. மனசுல வச்சுக்காத. வா, போலாம். வண்டி நாளைக்குப் போகணும்.”

மாப்பிள்ளை நகரவில்லை. போர்வையின் மடிப்பை நீவிக்கொண்டே சொன்னார். “காது கேக்கலங்கறது காது விஷயம் மச்சான். அதுக்கு நான் வருத்தப்படறேன். நாளைக்கே டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா நான் திருட்டுத்தனமா ஸ்க்ரூவத் திருகினேன்னு சொன்னீங்களே, அது வாய் விஷயம்.”

ஊசிக்காது தரையைப் பார்த்தார்.

“பதினோரு வருஷத்துல நீங்க செட் பண்ணின எதையாவது நான் கேக்காமத் தொட்டிருக்கேனா?”

“இல்ல.”

“அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னீங்க.”

“தெரிஞ்சும் சொன்னேன்,” என்றார் ஊசிக்காது. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று அவருக்கே உறைத்தது. நேற்று அந்த வார்த்தைகள் வாயில் வரும்போதே, இது பொய் என்று உள்ளே ஒரு மூலை சொன்னது. பயத்தில் அதைக் கேட்காதமாதிரி விட்டுவிட்டார். “தப்பு என்னோடது மாப்ள. காதுமேல பழி போடல. நான்தான் பேசினேன்.”

“என்கிட்ட நீங்க சொன்னது போதும். ஆனா அங்க இன்னும் ரெண்டு பேர் நின்னாங்க.”

“சொல்றேன். அவங்க முன்னாடியும் சொல்றேன்.”

மாப்பிள்ளை இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். தங்கை உள்ளே போய் அவருடைய பட்டறைச் சட்டையை எடுத்து வந்தாள். அதையும் இஸ்திரி போட்டு வைத்திருந்தார் மனிதர். கிரீஸ் கறைமேல் கத்தி மாதிரி மடிப்பு.

பட்டறைக்கு வந்ததும் ஊசிக்காது ஆறப்போடவில்லை. ஆறப்போட்டால் தைரியம் போய்விடும் என்று தெரியும். பல் டாக்டரை ஃபோனில் வரச்சொன்னார். வந்ததும் வெல்டிங்காரரின் ஷெட் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். அவர் முகமூடியைக் கழற்றிவிட்டு வந்தார். நடுத்தெருவில் நின்று ஊசிக்காது சொன்னார்.

“நேத்து இவரைப் பத்தி நான் பேசினது பொய். இவரு எதையும் தொடல. மீட்டர் காட்டினது சரி. அவங்க அண்ணன் ஃபோன்ல சொன்னதும் சரி. எனக்கு வலது காது கேக்கல. அது தெரியாம மூணு நாளா ஒரு கார்புரேட்டர நல்ல காதுலயும் இன்னொண்ணச் செத்த காதுலயும் கேட்டு ஒண்ணாக்கிட்டு இருந்திருக்கேன்.”

வெல்டிங்காரர், “இத வெளில சொல்லாம இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரியாதே,” என்றார், ஏதோ தன் ரகசியமே வெளியே போய்விட்டமாதிரி.

“எனக்குத் தெரியும்ல,” என்றார் ஊசிக்காது.

மாப்பிள்ளை மேஜைமேல் கிடந்த சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு இருவரும் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்கள். இரண்டு கார்புரேட்டரையும் சேர்த்துப் பிடித்திருந்த கம்பியைத் தளர்த்தினார்கள், ஒன்று மற்றொன்றை இழுக்காமல் இருக்க. ஸ்க்ரூக்கள் இரண்டையும் முழுக்கத் தளர்த்தி, தொட்டும் தொடாமலும் இருக்கிற இடத்திலிருந்து ஒரே அளவு திருகினார்கள். ஊசிக்காது இரண்டையும் இடது காதிலேயே கேட்டார். அதற்காகக் காருக்கு முன்னால் வந்து, ரேடியேட்டர்மேல் பழைய மெத்தையைப் போட்டுக் கவிழ்ந்து படுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. “முன்னது ஒரு பொடி குறைவு,” என்பார். மாப்பிள்ளை திருகுவார். “போதும்.” மாப்பிள்ளை மீட்டரை வைப்பார். “நாலு. பின்னது நாலே கால்.” “கால் எங்க இருந்து வந்துச்சு?” மறுபடி குனிவார். கால் இருக்கத்தான் செய்தது.

அடுத்து பெட்ரோல் கலவை. ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை மயிரிழை அளவு தூக்கிப் பார்க்க வேண்டும். இன்ஜின் வேகமெடுத்து அந்த வேகத்திலேயே ஓடினால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. லேசாக எழும்பி, பழைய நிலைக்கு அடங்கினால் சரி. அது மொத்த இன்ஜினின் சத்தம். அதற்கு ஒரு காதே தாராளம். அதில் ஊசிக்காதை யாரும் அசைக்க முடியவில்லை. அடியில் கலவையைக் கூட்டிக் குறைக்கிற ஆறு பட்டை நட்டை ஒவ்வொரு பட்டையாகத் திருப்பச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, “அங்கயே நிறுத்து,” என்றார்.

கம்பியை மறுபடி இறுக்கியபோது மணி ஐந்தே முக்கால். மாப்பிள்ளை ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து இன்ஜின்மேல் வைத்தார். தண்ணீரில் மெல்லிய வளையங்கள் மட்டும் வந்தன. டம்ளர் நகரவில்லை. ஆக்ஸிலேட்டரைத் தட்டினார். இருமல் இல்லாமல் ஒரே மூச்சில் எழும்பி, ஒரே மூச்சில் இறங்கியது.

“நாளைக்கு நீங்க கூட வாங்க,” என்றார் பல் டாக்டர். “மலைல நின்னுடுச்சுன்னா நான் என்ன, பல்லா புடுங்க முடியும்?”

சனிக்கிழமை ஊசிக்காது பின்சீட்டில் உட்கார்ந்து போனார். மலை ஏறும்வரை அவருக்கு நிம்மதி இல்லை. ஒவ்வொரு வளைவிலும் முன்னால் சாய்ந்து கேட்டார். கேட்பதெல்லாம் உண்மையாகக் கேட்பதுதானா என்ற சந்தேகம் புதிதாக வந்திருந்தது. இன்ஜின் குரல் மாறாமல் ஏறியது. ஆனாலும் நம்பி உட்கார முடியவில்லை. கையை முன்சீட்டின் முதுகில் வைத்து, அதிர்வைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அண்ணன்காரர் பாதியாக இளைத்திருந்தார். இரண்டு ஊன்றுகோல்களோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். ஏறச் சொன்னதும் ஏறவில்லை. “ஸ்டார்ட் பண்ணு,” என்றார் தங்கையிடம். பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். அவருடைய தாடை அசைந்தது. பிறகு ஊசிக்காது பக்கம் திரும்பி, “ஃபோன்ல கத்தினது நீங்கதானே?” என்றார்.

“நான்தான். நீங்க சொன்னது சரி. மன்னிச்சுக்கங்க.”

“யாரு செட் பண்ணினது கடைசில?”

“மாப்பிள்ளையும் நானும்.”

“நல்லா பண்ணியிருக்கீங்க,” என்று சொல்லிவிட்டு, காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தார். கேட்டைத் தாண்டுவதற்குள் அண்ணனும் தங்கையும் சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். “செகண்ட் போடு. செகண்ட் போடுன்னா!” “நான் ஓட்டறேனா நீ ஓட்டறியா?” “நான் ஓட்ட முடிஞ்சா உன்கிட்ட ஏன் கேக்கறேன்?” சொல்லிவிட்டு அண்ணன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கை செகண்ட் கியர் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காது டாக்டரிடம் போனார்கள். மாப்பிள்ளை வருகிறேன் என்றதற்கு, பட்டறையில் யார் இருப்பது என்று சொல்லி மனைவியை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, தலையில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பித்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்து இயந்திரத்தைத் திருகினாள்.

இடது காதுக்கு டக் டக்கென்று அழுத்தினார். வலது காதுக்கு மாறியதும் எதுவும் வரவில்லை. காத்திருந்தார். கால் தானாக ஆடியது. வியர்த்தது. மெல்ல ஏதோ சீறுவதுபோல இருந்தது. அழுத்தினார். மறுபடி அழுத்தினார். கதவு திறந்தது.

“ஐயா, நான் இன்னும் சத்தமே குடுக்கல,” என்றாள் அந்தப் பெண், கண்டிப்பில்லாமல். “கேக்கலன்னா பரவாயில்ல. சும்மா இருங்க.”

சும்மா இருப்பதுதான் அவருக்குத் தெரியாத வேலை. ஆனால் இருந்தார். பித்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, வராத சத்தங்களையெல்லாம் வராதவையாகவே போகவிட்டு, பத்து நிமிடம் இருந்தார்.

வலது காதில் நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர். தடித்த சத்தங்கள் கொஞ்சம் மிச்சம். மெல்லியவை திரும்ப வராது. கருவி வைத்தால் பேச்சு கேட்க உதவும். இடது காதும் லேசாகத் தேய ஆரம்பித்திருக்கிறது, கிரைண்டர் ஓடும்போது காதை மூடாவிட்டால் அதுவும் போகும்.

வெளியே வந்து மனைவியிடம் எதையும் குறைக்காமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். தெருவில் இறங்கியதும் அவர் ஃபோனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

“கிரைண்டருக்குப் போட்டுக்கற காது மூடி ரெண்டு வாங்கிட்டு வரேன். ஒனக்கும் சேத்துத்தான். வேண்டாம்னு சொல்லாத.”

“சொல்லல மச்சான்,” என்றது அந்தப் பக்கம். “ரெண்டு வண்டி வந்து நிக்குது. மெதுவா வாங்க.”

அவர் மெதுவாகப் போகவில்லை. மனைவியின் கையைப் பிடித்து, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து விடுவிடுவென்று நடந்தார்.